பேட்டரி இல்லாத ஸ்டிக்கர் போனுக்குப் பதில் சொல்வது எப்படி?

போனை அருகில் கொண்டுபோனதும் தன்னிடமுள்ள தகவலைத் தரும் என்.எஃப்.சி. ஸ்டிக்கரில் பேட்டரியே கிடையாது. பிறகு போன் கேட்பதற்கு அது எப்படிப் பதில் அனுப்புகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அது எதையும் அனுப்புவதே இல்லை.

பள்ளியில் படித்த டிரான்ஸ்பார்மர்தான் இது. போனின் முதுகிலுள்ள கம்பிச்சுருள் முதன்மைச் சுருள். ஸ்டிக்கரில் உள்ளது துணைச் சுருள். போன் 13.56 மெகாஹெர்ட்ஸில் காந்தப்புலத்தை மாற்ற, ஸ்டிக்கரில் மின்சாரம் தூண்டப்பட்டு, கடுகைவிடச் சிறிய சிப் விழித்துக்கொள்கிறது.

இனிமேல்தான் அழகு. துணைச் சுருளில் சுமை (மின்சாரத்தை இழுக்கும் பகுதி) கூடினால் முதன்மைச் சுருளுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? சிப் தன் சுருளின் குறுக்கே ஒரு சுமையை இணைக்கிறது, விடுவிக்கிறது. ஒவ்வொரு முறையும் போன் சுருளின் மின்னழுத்தம் துளியளவு அசைகிறது. போனின் சொந்த அலையோ அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த இரைச்சலில் இந்த முணுமுணுப்பு எப்படிக் கேட்கும்? சிப் அந்தச் சுமையை 13.56-ல் சரியாகப் பதினாறில் ஒரு பங்கு வேகத்தில், அதாவது விநாடிக்கு 8,47,500 முறை, போட்டுப் போட்டு எடுக்கிறது. அதனால் பதில் பெரிய அலையைவிட்டு அந்த வேகத்தின் அளவுக்குக் கீழும் மேலும் விலகி, 12.71, 14.41 மெகாஹெர்ட்ஸில் போய் விழுகிறது. போன் அங்கே காது வைத்தால் போதும். என்.எஃப்.சி.யில் ‘ஏ’ என்று அழைக்கப்படும் வகை ஸ்டிக்கரில் ஒரு பிட்டுக்கு 9.44 மைக்ரோவிநாடி, முதல் பாதியில் துடித்தால் 1, பின்பாதியில் துடித்தால் 0. பதினாறால் வகுக்கத் தேவையான கடிகாரத் துடிப்பும் போனின் புலத்திலிருந்து வாங்கியதுதான். மின்சாரமும் கடன், நேரமும் கடன்! பிளஸ் டூ ஆய்வகங்களில் ஒரு சுருளும் ஓர் அலைக்காட்டியும் வைத்து இதைக் காட்ட அரசு செலவழித்தால் தகும்.

சுருளின் அளவைத் தாண்டியதும் புலம் தூரத்தின் மும்மடியில் தேய்கிறது: தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. நடைமுறையில் 4 செ.மீ.க்குள் வேலை முடிய வேண்டும். பத்தடி தள்ளி நிற்பவர் போனை நீட்டி, இதே முறையில் இயங்கும் வங்கி அட்டையிலிருந்து பணத்தை உருவிவிடுவார் என்ற பயத்துக்கு இயற்பியலில் இடமில்லை.

போன் ஸ்டிக்கரைப் படிக்கவில்லையென்றால் முதலில் போனில் சுருள் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். ஐபோனில் மேல்விளிம்பு, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் முதுகின் நடுவிலோ கேமரா அருகிலோ. திரை பூட்டியிருந்தால் ஆண்ட்ராய்டு பொதுவாகப் படிக்காது.

இரும்பு பீரோவில் சாதாரண ஸ்டிக்கரை ஒட்டாதீர்கள். உலோகத்தில் சுழல் மின்னோட்டம் கிளம்பிப் புலத்தை எதிர்க்கும். சுருளின் ஒத்ததிர்வும் (அது நன்றாக இசையும் அதிர்வெண்) நகர்ந்துவிடும். புலத்தை உலோகத்தில் படாமல் தன் வழியே திருப்பும் ஃபெரைட் என்ற காந்தப்பொருளின் படலத்தை அடியில் வைத்த ஸ்டிக்கர் தனியாகக் கிடைக்கிறது, அதையே கேட்டு வாங்குங்கள்.