மயிர்க்காலைச் சூழும் டி செல்கள்

தலையில் எட்டணா அளவுக்கு வழுவழுவென்று ஒரு வட்டம். பாளையங்கோட்டைப் பக்கம் இதைப் பெரும்பாலும் சலூன்காரர்தான் முதலில் பார்த்து, "புழுவெட்டு" என்பார். அன்றைக்கே சின்ன வெங்காயம் நறுக்கித் தேய்ப்பது தொடங்கிவிடும். அங்கே புழுவும் இல்லை, கிருமியும் இல்லை. உடம்பின் சொந்த வெள்ளணுக்களே முடியை உதிர்க்கின்றன.

செல்கள் தமக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை எம்ஹெச்சி வகை 1 என்ற மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டும். அதைப் பார்த்துத்தான் சிடி8 டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் எதைத் தாக்குவது என்று முடிவுசெய்யும். வளரும் மயிர்க்காலின் அடிக்குமிழில் இந்த மூலக்கூறு மிகக் குறைவு. அதனால் டி செல்களின் கண்ணில் அது படுவதில்லை. புழுவெட்டில் இந்த மறைப்பு குலைகிறது.

பிறகு நடப்பது ஒரு சுழல். டி செல் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும். அது பட்டதும் மயிர்க்கால் எம்ஹெச்சியைக் கூட்டிக் காட்டும், ஐஎல்-15 என்ற புரதத்தையும் வெளியிடும். ஐஎல்-15 டி செல்களை மேலும் கிளப்பிவிடும். நுண்ணோக்கியில் குமிழைத் தேனீக்கள் மொய்ப்பதுபோல் தெரியும். இரண்டு சமிக்ஞைகளும் செல்லுக்குள் போவது ஜாக் நொதிகள் வழியாக.

தாக்குண்ட முடி பாதி வளர்ச்சியில் நின்று, அடி மெலிந்து ஒடியும். வட்டத்தின் ஓரத்தில் ஆச்சரியக்குறி போல நிற்கும் குட்டை முடிகள் நோய் இன்னும் பரவுவதற்கு அடையாளம். கறுப்பு முடி விழ, நரைமுடி பெரும்பாலும் தப்பிக்கும். முடியை மறுபடி முளைக்கவைக்கும் ஸ்டெம் செல்கள் குமிழுக்கு மேலே இருப்பதால் அவை அழிவதில்லை. சிறு வட்டமாக இருந்தால் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைத்துவிடும்; பேர் வெங்காயத்துக்குப் போகும்.

வட்டங்கள் சிலவே என்றால் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி: மில்லிக்கு 2.5 முதல் 10 மி.கி. வரை, இடத்துக்கு 0.05–0.1 மில்லி, ஏறக்குறைய 1 செ.மீ. இடைவெளியில், 4–6 வாரத்துக்கு ஒருமுறை. அளவு மிஞ்சினால் தோல் குழிந்துவிடும். தலை முழுக்கப் பரவினால் ஜாக் நொதியைத் தடுக்கும் பாரிசிட்டினிப் மாத்திரை. அமெரிக்கா 2022-இல் இதற்கு ஒப்புதல் தந்தது. மாத்திரை சுழலை நிறுத்திவைக்குமே தவிர, டி செல்களின் நினைவை அழிக்காது. அதனால் விட்டதும் பலருக்கு மறுபடி உதிரும். தொடங்குமுன் காசநோய்ச் சோதனை கட்டாயம், ஏனென்றால் அடங்கிக் கிடக்கும் காசநோயை அது கிளப்பிவிடலாம்.

குழந்தையின் தலையில் வட்டத்தோடு செதிலும் அரிப்பும் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் செதிலைச் சுரண்டிப் பார்த்துவிட்டு மருந்து தொடங்குங்கள். பூஞ்சை மேல் ஸ்டீராய்டு களிம்பு தடவினால் அது இன்னும் படரும்.