பறவைகள் சரணாலயத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள்: மனு எங்கே சிக்குகிறது?

வேன் பேசி, எலுமிச்சை சாதம் கட்டி, நாற்பது பிள்ளைகளோடு ஏரிக்கரைக்கு வந்த பிறகு "பர்மிஷன் லெட்டர் எங்கே சார்?" என்ற கேள்வியோடு திருப்பி அனுப்பப்படும் பள்ளிகள் டெல்டாவில் உண்டு. பெரும்பாலும் சிக்குவது, ஆள் தெரியாத கிராமத்துப் பள்ளிதான்.

சட்டம் சின்னது. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி மூன்றும் பறவைகள் சரணாலயங்கள். 1972-ம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம், 27-வது பிரிவில் சரணாலயத்துக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. 28-வது பிரிவில் வனவுயிரின ஆய்வு, புகைப்படம், சுற்றுலா முதலியவற்றுக்கு அனுமதி தர வழிசெய்கிறது. உங்கள் மனு இந்த 28-வது பிரிவில் நிற்க வேண்டும். பொருள் என்ற இடத்தில் "இன்பச் சுற்றுலா" என்று எழுதிவிடாதீர்கள். "பறவைகளை நேரில் கண்டறியும் கல்விப் பயணம்" என்று எழுதுங்கள். சுற்றுலா என்று போட்டால் கட்டணப் பேச்சு முதலில் வரும். பிறகு பள்ளியின் சூழல் மன்ற நிதியில் செலவைக் காட்டும்போது தணிக்கையில் அதே சொல் உதைக்கும்.

அடுத்த சிக்கல் மாவட்டம். தஞ்சாவூரிலிருந்து வடுவூர் சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் ஏரி இருப்பது திருவாரூர் மாவட்டம், மன்னார்குடி வட்டத்தில். தஞ்சாவூர் வன அலுவலகத்தில் கொடுத்த மனு "எங்க லிமிட் இல்லை" என்று ஒருநாள் திரும்பி வரும். கரைவெட்டி அரியலூர் மாவட்டம். பள்ளி எங்கே என்பது கணக்கில்லை, ஏரி எங்கே என்பதே கணக்கு. மாவட்ட வன அலுவலருக்கு முகவரியிட்டு, வனச்சரக அலுவலருக்கு நகல் வையுங்கள். கதவைத் திறந்துவிடும் ஆட்கள் சரக அலுவலகத்தின் கீழ்தான் இருக்கிறார்கள். இவை பாசன ஏரிகள் என்பதால் சிலர் நீர்வளத்துறைக்கும் அனுப்புவார்கள். பிள்ளைகளை அழைத்துப் போக அங்கே அலைய வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் கழுத்தறுப்பது இது: வனத்துறையில் "முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதி கொண்டுவாங்க" என்பார்கள், கல்வி அலுவலகத்தில் "ஃபாரஸ்ட் பர்மிஷன் இருக்கா?" என்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கப் பருவம் முடிந்துவிடும். இரண்டு மனுக்களையும் ஒரே நாளில் கொடுங்கள். ஒன்றின் நகலை மற்றதோடு இணைத்து, "மற்ற துறையின் அனுமதி கிடைத்தவுடன் செல்லத்தக்க வகையில்" என்று ஒரு வரி சேருங்கள். தபால் பிரிவில் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். "நான் பார்த்துக்கிறேன் டீச்சர், வெச்சுட்டுப் போங்க" என்று அன்பாகச் சொல்கிறவரிடமும்தான்.

மனுவோடு மாணவர் பட்டியல், பெற்றோர் சம்மதக் கடிதங்கள், வண்டியின் பதிவுச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிம நகல்கள் இருக்கட்டும். பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று வையுங்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியை பெயர் கட்டாயம். ஒரே தேதியைக் கேட்காமல் மூன்று தேதி கேளுங்கள். மழை விடுமுறை விட்டால் புது மனு போட வேண்டியிருக்காது.

தேதியைப் பற்றி: வலசைப் பறவைகள் நிறைவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. நவம்பரில் மழை, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. இந்த ஏரிகளுக்குத் தண்ணீர் வரும் மேட்டூர் அணை வழக்கமாக மூடப்படுவது ஜனவரி 28; அதன்பின் ஏரி வற்றத் தொடங்கும். ஆக, பொங்கல் முடிந்து பிப்ரவரி நடுப்பகுதி வரைதான் நிஜமான இடைவெளி. அதற்கு அக்டோபரிலேயே மனு போட வேண்டும். காலை ஆறரைக்குக் கரையில் இருந்தால் ஊசிவால் வாத்தும் கரண்டிவாயனும் கிட்டத்தில் தெரியும். பத்து மணிக்கு மேல் போனால் கானல் அலையில் வெறும் புள்ளிகள்தான். கண்காணிப்புக் கோபுரத்தில் பத்துப் பத்துப் பேராக ஏற்றுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், விசில் வேண்டவே வேண்டாம்.

பணம்: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா விதிமுறையில் இளையோர் மற்றும் சூழல் மன்றத்துக்கு அரசுத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 15,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 ரூபாய் வரை ஒதுக்கலாம். ஒதுக்கலாம் என்பதற்கும் கணக்கில் வந்தது என்பதற்கும் பல மாதம் இடைவெளி. மார்ச்சில் வந்து, மார்ச் 31-க்குள் பயன்பாட்டுச் சான்று கேட்கும் நிலையும் வரும். நிதி வரும் என்று வாய்மொழியாகச் சொன்னதை நம்பி வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். தொகை குறிப்பிட்ட செயல்முறைகளின் (அலுவலக உத்தரவின்) நகலைக் கையில் வாங்குங்கள். கொடுத்த பிறகு "ஃபண்ட் வரலை" என்றால் அந்தப் பணம் தலைமை ஆசிரியர் பையிலிருந்துதான் போகும்.

மனு கொடுத்து முப்பது நாளாகியும் பதிலே இல்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் பள்ளிப் பெயரில் கேட்காதீர்கள். அது குடிமக்களுக்கான உரிமை. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் ஒருவர் தன் பெயரில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேட்கட்டும். ஆசிரியரை யாரும் மிரட்டவும் முடியாது. "ஏன் தரவில்லை" என்று கேட்டால் மழுப்புவார்கள். "இந்தத் தேதியில் பெறப்பட்ட எங்கள் மனு எந்தெந்த இருக்கையில் எத்தனை நாள் இருந்தது, கோப்பின் குறிப்புப் பக்க நகல் தருக" என்று கேளுங்கள்.