டிஸ்கைக் கழற்றினால் போதாது, சேர்வரிடமும் சொல்ல வேண்டும்

"சேர், கரண்ட் வந்த பிறகு சேர்வர் எழும்புதில்ல." கல்முனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ காலையில் இப்படி ஓர் அழைப்பு வந்தால் நான் கரண்டைப் பற்றிக் கேட்பதில்லை. "கிட்டடியில் ஏதாவது டிஸ்க் கழற்றினீங்களா?" என்றுதான் கேட்பேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அப்புறம், "அது ரெண்டு மாசத்துக்கு முந்தி, சேர். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

எல்லாச் சம்பந்தமும் அதுதான். அண்மையில் சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலை அலுவலகத்திலும் இதே கதை. அறுவடை நேரம், வெளியே லொறிகள் வரிசையில் நிற்கின்றன, உள்ளே ஒரு சீட்டு அடிக்க முடியவில்லை. பழைய பேக்கப் டிஸ்க் சத்தம் போடுகிறதென்று யாரோ கழற்றி அலமாரியில் வைத்திருந்தார்கள். நல்ல முடிவு, அந்த டிஸ்க் போக வேண்டியதுதான். ஆனால் அந்த உபுண்டு (லினக்ஸ்) சேர்வரில், எழும்பும்போது எந்தெந்த டிஸ்கை இணைக்க வேண்டும் என்று பட்டியலிட்டிருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், அதற்குரிய வரி அப்படியே இருந்தது.

"கழற்றிய பிறகும் நல்லாத்தானே ஓடிச்சு?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆகவே இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் சேர்வர் எஃப்எஸ்டேப்பை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. எழும்பும்போது வாசிக்கும், அதில் உள்ள டிஸ்க்குகளை மவுண்ட் செய்யும், அதாவது தன் ஃபோல்டர்களோடு இணைக்கும், அத்தோடு சரி. பள்ளிக்கூட வரவு இடாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை விலகிப் போய்விட்டது, பெயர் வெட்டப்படவில்லை. நாள் முழுக்க வகுப்பு நடக்கும், ஒருவருக்கும் தெரியாது. அடுத்த தடவை பெயர் கூப்பிடும்போதுதான் குட்டு வெளிப்படும். சேர்வரோ அந்தப் பெயருக்குப் பதில் வராவிட்டால் வகுப்பையே தொடங்காது. இரண்டு மாதம் நன்றாக ஓடியது என்பதற்கு ஒரே அர்த்தம், அந்த இரண்டு மாதமும் ரீஸ்டார்ட் ஆகவில்லை என்பதுதான்.

இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் இந்தத் தொல்லை குறைவு. தினமும் சேர்வரை அணைத்து எழுப்ப வேண்டியிருந்ததால் இன்று செய்த பிழை நாளைக்கே பிடிபட்டது. இப்போது யூபிஎஸ், ஜெனரேட்டர் எல்லாம் வந்து சேர்வர்கள் மாதக்கணக்கில் அணையாமல் ஓடுகின்றன. பிழையும் மாதக்கணக்கில் படுத்திருக்கிறது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையக் கோளாறால் நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அப்படியொரு நாள் வந்தால் படுத்திருந்ததெல்லாம் ஒன்றாக எழும்பும்.

எழும்பும்போது நடப்பது இதுதான். சேர்வரை எழுப்பும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் அந்த டிஸ்குக்காக 90 வினாடி காத்திருக்கும். வராவிட்டால் பழுதுபார்க்க மட்டுமான எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். அங்கே நெட்வொர்க் இல்லை, ஆகவே தூரத்திலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்எச் இல்லை, ஆகவே மட்டக்களப்பில் இருந்துகொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது. பொத்துவில் என்றால் 100 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். டெபியன் போன்ற சில லினக்ஸ்களில் இன்னொரு கூத்தும் உண்டு. ரூட் (தலைமை நிர்வாகி) கணக்குக்குக் கடவுச்சொல் வைக்காமல் விட்டிருப்பார்கள். எமர்ஜென்சி மோடோ, ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும். அப்போது பென்டிரைவில் லைவ் உபுண்டு போட்டு எழுப்பி, உள்ளே புகுந்து, ஒரே ஒரு வரிக்கு முன்னால் ஹாஷ் குறி (#) போட்டு அதை இயங்காமல் செய்ய வேண்டும். வேலை அவ்வளவுதான். அதற்குத்தான் அரை நாள்.

சரி, எப்படிக் கழற்றுவது? முதலில் அந்த டிஸ்கை யார் பாவிக்கிறார்கள் என்று பாருங்கள், நிறுத்துங்கள், பிறகு அன்மவுண்ட் செய்யுங்கள். "பிஸி" என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது. பாவனையில் இருக்கும்போதே பிரித்துவிடும் லேசி அன்மவுண்ட் போட்டு அதன் வாயை அடைக்காதீர்கள். அடுத்து எஃப்எஸ்டேப் வரியை ஹாஷ் போட்டு மூடுங்கள், சிஸ்டம்டி அதை மீண்டும் வாசிக்க டீமன் ரீலோட் கொடுங்கள். இந்த ரீலோடை விட்டவர்கள், புதிய டிஸ்கை அதே இடத்தில் மவுண்ட் செய்த உடனேயே அது மாயமாகிறது என்று பேய் பிடித்ததுபோலப் பேசுவார்கள். பேயில்லை. சிஸ்டம்டி பழைய டிஸ்கையே நினைத்துக்கொண்டு புதியதைக் கழற்றிவிடுகிறது. எல்விஎம்மில் (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) இருந்த டிஸ்க் என்றால் பிவிமூவ், விஜிரெட்யூஸ், பிவிரிமூவ், இந்த வரிசையில்தான். ரெய்டில் (பல டிஸ்குகளில் தரவைப் பகிர்ந்து வைக்கும் முறை) இருந்ததென்றால் எம்டிஅட்மினில் ஃபெயில், ரிமூவ். ஸ்வாப் (நினைவகம் போதாதபோது பாவிக்கும் இடம்) இருந்ததென்றால் ஸ்வாப்ஆஃப். ஸ்வாப் விடுபட்டாலும் சேர்வர் எழும்பும், ஆனால் ஒன்றரை நிமிடம் முழித்துக்கொண்டு நிற்கும். "இப்ப கொஞ்சம் ஸ்லோவாத்தான் எழும்புது" என்பவர்கள் இதையும் ஒருதரம் பாருங்கள்.

கடைசியாக ஃபைண்ட்மவுண்ட் கட்டளையை வெரிஃபை தெரிவோடு ஓட்டுங்கள். எஃப்எஸ்டேப்பில் பெயர் இருந்தும் சேர்வரில் இல்லாத டிஸ்கையெல்லாம் அதுவே காட்டிக்கொடுக்கும். சில நொடி வேலை. இதை ஒருவரும் செய்வதில்லை.

நெட்டில் தேடினால் "எஃப்எஸ்டேப் வரியில் நோஃபெயில் என்று சேர்த்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது" என்று இருக்கும். வெளியே தொங்கும் பேக்கப் டிஸ்குக்குச் சரி. தரவுத்தளம் இருக்கும் டிஸ்குக்கும் அதையே போட்டால்? டிஸ்க் வராவிட்டாலும் சேர்வர் சிரித்துக்கொண்டு எழும்பும், உள்ளே தரவு இருக்காது. எமர்ஜென்சி மோட் உங்களைத் திட்டுகிறது என்றால் உங்கள் நன்மைக்குத்தான்.

எனக்கு மிகவும் கோபம் வருவது இன்னொரு வகை. டிஸ்க் போய்விட்டது, எஃப்எஸ்டேப் வரியையும் எடுத்துவிட்டார்கள், ஆனால் இரவு ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டை மறந்துவிட்டார்கள். மவுண்ட் செய்யும் இடம் ஒரு வெறும் ஃபோல்டர்தான், டிஸ்க் போனாலும் அது இருக்கும். ஸ்கிரிப்டுக்கு வித்தியாசம் தெரியாது. இரவு இரவாக அதற்குள் எழுதும், அதாவது சேர்வரின் சொந்த டிஸ்கிலேயே எழுதும். ஒரு நாள் அந்த டிஸ்க் நிறைந்து, தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் நின்றுவிடும். "இடம் போதாது, புது டிஸ்க் வாங்குவோம்" என்று முதலாளியிடம் காசும் கேட்டிருப்பார்கள். பேக்கப் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே, இது உண்மையில் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். மவுண்ட்பாயிண்ட் என்று ஒரு கட்டளையே இருக்கிறது. ஆகாவிட்டால் நிற்கட்டும், மின்னஞ்சல் அனுப்பட்டும். விண்டோஸ் சேர்வர்காரர்களும் சிரிக்க வேண்டாம். பழைய டிஸ்கின் ஈ எழுத்து காலியாக இருக்கும், அடுத்துச் செருகும் பென்டிரைவுக்கு அது போகலாம், பேக்கப்பும் அதன் பின்னாலேயே போகும்.

கழற்றாமல் விடுவதிலும் ஆபத்து உண்டு. புதிய டிஸ்குக்கு அப்படியே குளோன் எடுத்துவிட்டு, "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று பழையதையும் உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். குளோன் என்றால் டிஸ்கை அடையாளம் காட்டும் யூயூஐடி இலக்கமும் ஒன்றே. அடுத்த ரீஸ்டார்ட்டில் எது மவுண்ட் ஆகும் என்று நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. பழையது மவுண்ட் ஆகிவிட்டால் கணக்கு சில மாதம் பின்னால் போய் நிற்கும், அதன்மேல் அன்றைய பில்லையும் அடிப்பார்கள். பிறகு இரண்டு டிஸ்கிலும் பாதிப் பாதி உண்மை.

நாஸ் (நெட்வொர்க் வழியே பாவிக்கும் டிஸ்க்) பெட்டியை ஓய்வுபெறச் செய்பவர்களுக்கும் ஒரு சொல்: முதலில் சேர்வரில் அன்மவுண்ட், பிறகுதான் பெட்டியின் பிளக். மாற்றிச் செய்தால் டிஸ்க் இடம் பார்க்கும் டிஎஃப் கட்டளையை அடித்ததும் திரை உறைந்து நிற்கும், அந்தப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்த செயல்களும் நகராமல் கிடக்கும். சான் (டிஸ்குகளுக்கென்றே தனி நெட்வொர்க்) வைத்திருக்கும் பெரிய இடங்களிலும் இதே வரிசைதான். ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இயங்குதளத்தில் வேலை செய்தவர்களுக்கு இது கைப்பழக்கம். அங்கே ஆர்எம்டெவ் கட்டளைக்கு டி தெரிவு கொடுக்காவிட்டால் டிஸ்க் டிஃபைன்ட் என்று பட்டியலில் கிடந்துகொண்டே இருக்கும். குறைந்தது அது கண்ணுக்காவது தெரிகிறது.

கழற்றிய டிஸ்கைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க முன் அழியுங்கள். கிளினிக், கடன் வழங்கும் இடம் என்றால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். "டிலீட் பண்ணியாச்சு" என்பது அழித்ததாகாது. சுழலும் டிஸ்க் என்றால் முழுதும் மேலெழுத வேண்டும், எஸ்எஸ்டி என்றால் செக்யூர் இரேஸ்.

எல்லாம் முடிந்ததா? இன்னும் ஒன்று. தயவுசெய்து சேர்வரை அன்றைக்கே, பகல் வெளிச்சத்தில், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே ரீஸ்டார்ட் செய்யுங்கள். வாடிக்கையாளர் நிற்கிறார்கள் என்றால் கடை சாத்திய பிறகு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் வேண்டாம். எழும்பி வந்து, மறுநாள் காலை பேக்கப் சரியான இடத்தில் விழுந்திருப்பதைப் பார்த்த பிறகு, ஹாஷ் போட்ட வரியை முழுதாக நீக்கிவிடலாம்.