பில் இருக்கிறது, விசா இருக்குமா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது கஞ்சா வழக்கு. அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலை முடித்துக்கொண்டு நேராகக் குடியேற்ற வழக்கறிஞரான என் அலுவலகத்துக்கு வந்தார் ஒருவர். பதினோரு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் இருக்கிறார். கிரீன் கார்டு வாங்கி ஐந்தாண்டு முடிந்துவிட்டது. வேகமாக ஓட்டியதற்கு ஓர் அபராதம்கூடக் கட்டியதில்லை. போதைப்பொருள் பழக்கம் உண்டா என்று அதிகாரி கேட்டதற்கு, "வார இறுதியில் கொஞ்சம் கஞ்சா, இங்கே அது சட்டப்படி சரிதானே" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அதை எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். என்னிடம் அவர் எடுத்து நீட்டியது கடை பில். "வரிகூடக் கட்டியிருக்கிறேன் சார்."

அந்தப் பில் அவரைக் காப்பாற்றும் என்று நினைத்திருக்கிறார். அவருக்கு எதிராக யாராவது சாட்சி தேடினால் முதலில் கேட்பது அதைத்தான்.

2020 நவம்பர் 3 அன்று அதிபர் தேர்தலோடு சேர்த்து நியூ ஜெர்சி வாக்காளர்களிடம் ஒரு கேள்வி வைத்தார்கள்: 21 வயது நிரம்பியவர்களுக்குக் கஞ்சாவை அனுமதிக்கலாமா? மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றார்கள். 2021 பிப்ரவரியில் ஆளுநர் மர்ஃபி கையெழுத்திட்டார். 2022 ஏப்ரல் 21 அன்று கடைகளில் விற்பனை தொடங்கியது. என்னிடம் வருகிறவர்களில் ஒருவர்கூட அந்த ஓட்டைப் போட்டவர் இல்லை, போடும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. ஆனால் அதன் முடிவை நம்பிக் கடைக்குப் போனவர்கள் அவர்கள்தாம்.

எத்தனை முறை சொன்னாலும் இறங்காத ஒன்றை மறுபடியும் சொல்கிறேன். அந்த ஓட்டு மாற்றியது மாநிலச் சட்டத்தை. மாநிலப் போலீஸ் உங்களைப் பிடிக்காது, அவ்வளவுதான். உங்கள் விசாவைக் கொடுத்தது மாநிலம் அல்ல, வாஷிங்டன். 1970ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கஞ்சாவை, கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள்களில் ஹெராயின் இருக்கும் முதல் பட்டியலிலேயே வைத்தது. குடியேற்ற அதிகாரி பார்ப்பது அந்தச் சட்டத்தை. புதுச்சேரியில் பில்லோடு வாங்கிய பாட்டிலைத் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியில் பறித்துக்கொள்வார்கள் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அங்கே மாட்டிக்கொள்ள எல்லையைத் தாண்ட வேண்டும். இங்கே அதுகூடத் தேவையில்லை. நீங்கள் நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் உங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு சட்டங்களும் உங்கள் மேல் இருக்கின்றன. கொலராடோ 2012இல் ஓட்டுப்போட்டது, கலிஃபோர்னியா 2016இல், ஒஹாயோ 2023இல். ஐம்பது மாநிலங்களும் போட்டாலும் குடியேற்றச் சட்டத்தில் ஒரு கமா நகராது. 'மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் இது குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்குக் குறைவே' என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. முதல் பட்டியலிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றுகிறார்களாமே என்று கேட்பீர்கள். மூன்றாவதும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியல்தான். குடியேற்றச் சட்டம் பட்டியல் எண்ணைப் பார்ப்பதில்லை.

"என் மேல் வழக்கே இல்லையே" என்பது அடுத்தது. வழக்கு வேண்டாம். கஞ்சா வைத்திருந்ததை நீங்களே முறைப்படி ஒப்புக்கொண்டால் போதும். முப்பது கிராமுக்குள், ஒரே ஒரு முறை என்றால் ஒரு விலக்கு உண்டு. வார இறுதிதோறும் என்று கையெழுத்துப் போட்டவருக்கு அந்த 'ஒரே ஒரு முறை'யை நான் எங்கே போய்த் தேடுவேன்?

இரண்டாவதாக வந்தது ஓர் அம்மாவின் வழக்கு. பேரனைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் வந்தவர். மூட்டுவலி, தூக்கமில்லை. மகன் கஞ்சா விற்கும் கடையான டிஸ்பென்சரியில் 'கம்மி' (gummy) என்ற மெல்லும் மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அது கஞ்சா என்று அம்மாவுக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது. குடும்பத்தோடு நயாகரா போனார்கள். கனடாப் பக்கத்திலிருந்துதான் அருவி அழகு என்று பாலத்தைத் தாண்டினார்கள். திரும்பும்போது மாத்திரை டப்பாவில் நான்கு மிட்டாய்கள். அந்தக் கரை கனடா, 2018 முதல் அனுமதி. இந்தக் கரை நியூயார்க் மாநிலம், 2021 முதல் அனுமதி. ஆனால் எல்லையைத் தாண்டிக் கஞ்சாவைக் கொண்டுபோவது இரண்டு நாட்டிலும் குற்றம். "மகன் கொடுத்தான், நன்றாகத் தூக்கம் வருகிறது" என்று அம்மா உண்மையைச் சொன்னார். பெற்ற பாசத்தில் சொன்ன அந்த ஒரு வரியில் கஞ்சா வைத்திருந்ததும் இருக்கிறது, மகன் விநியோகித்ததும் இருக்கிறது. அம்மாவின் விசா ரத்தானது. டொராண்டோவிலிருந்தே கோயம்புத்தூர் திரும்பினார். அவருடைய பெட்டியை மகன் பிறகு கூரியரில் அனுப்பினார். மகனின் எச்-1பி வேலை விசா விவகாரம் இன்னும் என் மேசையில் கிடக்கிறது.

கஞ்சாவைத் தொடாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிஸ்பென்சரிக்குக் கணக்கு எழுதுவது, அதற்கு மென்பொருள் செய்து கொடுப்பது, அதில் பங்குதாரராவது எல்லாம் சட்டத்தின் கண்ணில் அந்த வியாபாரத்துக்குத் துணைபோவதாக ஆகலாம். வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள். பிறகு கேட்டால் என் கட்டணம்தான் கூடும்.

குடியுரிமை கையில் வரும்வரை வாங்காதீர்கள், வைத்திருக்காதீர்கள், நண்பர் வீட்டு விருந்தில் தட்டில் வந்தாலும் நகர்ந்துவிடுங்கள். கடை வாசலில் நின்று எடுத்த படம், 'நேற்று சூப்பர்' என்ற வாட்ஸ்அப் செய்தி, எதுவும் தொலைபேசியில் வேண்டாம். விமான நிலையத்தில் அதை வாங்கிப் பார்க்கிறார்கள். ஏற்கெனவே பழக்கம் இருந்தால், கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனைக்கோ குடியுரிமை விண்ணப்பத்துக்கோ முன்னால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கிரீன் கார்டு இருக்கிறதே என்று வெளிநாடு போய்வருவதும் அதற்குப் பிறகுதான். பொய் மட்டும் சொல்லாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கஞ்சாவுக்காவது சில சமயம் விலக்கு கேட்கலாம். குடியேற்ற அதிகாரியிடம் சொன்ன பொய் ஆயுள் முழுதும் கூடவே வரும். பதில் சொல்லும் முன் வழக்கறிஞரிடம் பேச வேண்டும் என்று சொல்வது பொய் ஆகாது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால், அவர்களை எங்கேயாவது அழைத்துப் போகும் முன் அந்த மாத்திரை டப்பாவை ஒரு முறை திறந்து பாருங்கள்.