ஹைட்ராஞ்சியா வாடினால் சொம்பைத் தூக்காதீர்கள்

இந்த ஜூனில் இது ஆறாவது செடி. போன சனிக்கிழமை சென்னை ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா, ஸ்கூட்டரில் தொட்டியோடு எங்கள் நர்சரிக்கு வந்தார். மே மாதம் ஊட்டி மலர்க்கண்காட்சிக்குப் போனபோது ஆசையாக வாங்கிய ஹைட்ராஞ்சியா, கொத்துக்கொத்தாகப் பூக்கும் அந்த மலைப் பூச்செடி. "மூணு வேளையும் தண்ணி ஊத்துறேன் தம்பி, அப்படியும் தொங்கிப் போகுது" என்றார். தொட்டியைக் கவிழ்த்தேன். சாக்கடை வாடை. ஒரு வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் வழுக்கிக் கையோடு வந்தது. உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்புதான் மிச்சம். தண்ணீர் போதாமல் வாடவில்லை, தண்ணீரிலேயே அழுகியிருக்கிறது.

"பேரிலேயே தண்ணி இருக்கே சார்" என்று சிலர் வாதம் செய்கிறார்கள். கிரேக்கத்தில் அதற்குத் தண்ணீர்ப் பாத்திரம் என்று பொருள்தான். ஆனால் விதைக்கூடு குடம் மாதிரி இருப்பதால் வந்த பெயர் அது. குடம் குடமாக ஊற்றச் சொல்லி யாரும் வைக்கவில்லை.

தயவுசெய்து இதை மட்டும் மனதில் வையுங்கள். உச்சி வெயிலில் இந்த அகல இலைகள் தொங்கும். மண் ஈரமாக இருந்தாலும் தொங்கும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிரும். அதுவரை பொறுக்காமல் மதியம் ஒரு சொம்பு, பயந்துபோய் மறுபடி ஒரு சொம்பு. வேர் அழுகுகிறது. அழுகிய வேர் தண்ணீர் எடுக்காது, செடி இன்னும் வாடுகிறது, நீங்கள் இன்னும் ஊற்றுகிறீர்கள். காலையில் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

உப்பான போர் தண்ணீர் இதற்கு ஆகாது. நரம்பு பச்சையாகவே இருந்து, இலை மஞ்சளாக மாறினால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீர் வேண்டவே வேண்டாம். மழைநீர் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது இல்லை.

ஊட்டியில் நீலமாக இருந்த பூ இங்கே இளஞ்சிவப்பாகிவிட்டது என்று துருப்பிடித்த ஆணியைப் புதைக்கிறார்கள். நீலத்துக்குக் காரணம் இரும்பு இல்லை, அலுமினியம். மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.ஹெச். அளவு 5.5-க்குக் கீழே இருந்தால்தான் அது வேருக்குக் கிடைக்கும். ஆணியைத் தோண்டி வெளியே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் தொட்டி மாற்றுவது. வாங்கி வந்த அன்றே மாற்றாதீர்கள். பத்து நாள் நிழலில் அப்படியே இருக்கட்டும். கத்திரி வெயிலில் வாங்கியிருந்தால் தொடவே வேண்டாம்; மழை ஓய்ந்து மார்கழி, தை வரட்டும். மாற்றும்போது வேரோடு ஒட்டிய மலை மண்ணை உதறாதீர்கள், கழுவாதீர்கள். பழைய தொட்டியைவிட ஒரு அளவு பெரியது போதும். செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), இலை மக்கு கலந்து, பழைய ஆழத்திலேயே சாயங்காலம் நடுங்கள். பூ இருந்தால் வெட்டிவிடுங்கள். மனசு வராது, தெரியும். ஆனாலும் வெட்டுங்கள். ஒரு மாதத்துக்கு உரம் கிடையாது. காலை வெயில் இரண்டு மணி நேரம், மற்றபடி பச்சை வலைக்குக் கீழே.

விற்கும்போது யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இது மொட்டு வைக்க ஆறு வாரமாவது 18 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். சென்னையில் ஜனவரி இரவுகூட 20-ஐ ஒட்டித்தான் இருக்கும். நன்றாக வளர்த்தாலும் இரண்டாவது முறை பூப்பது அரிது. அது உங்கள் கையின் குற்றம் இல்லை. கொத்துக்கொத்தாகப் பூ வேண்டும் என்றால் இட்லிப்பூ வையுங்கள், நம் வெயிலில் கொண்டாட்டமாகப் பூக்கும்.

அந்த அம்மாவின் செடியில் பச்சையாக மிஞ்சியிருந்த இரண்டு கிளைகளைக் கணுவுக்குக் கீழே வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, கோகோபீட்டும் மணலும் கலந்து நட்டு, நிழலில் வைத்திருக்கிறேன். வேர் விட்டால் மழைக்காலம் முடிந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.