பெற்றோரின் பட்டமும் பிள்ளையின் அறிவும்

பள்ளிச் சேர்க்கைக் காலத்தில் குழந்தைகளை ஐ.க்யூ. (அறிவுத்திறன்) சோதனைக்கு என்னிடம் அழைத்து வரும் பெற்றோர் பலர். "நாங்கள் இருவரும் பத்தாவதைத் தாண்டவில்லை, மேடம். அறிவு பரம்பரையாகத்தானே வரும்?" என்று தயங்கிக் கேட்பார்கள். பள்ளியில் முதலில் விசாரித்தது அவர்களுடைய படிப்பைத்தான்.

அறிவுத்திறனில் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் 'மரபுவழிப் பங்கு 50 விழுக்காடு' என்றால், உங்கள் மகளின் அறிவில் பாதி உங்களிடமிருந்து வந்தது என்று பொருளல்ல. ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது. சூழல் மாறினால் அதுவும் மாறும். அமெரிக்காவில் 7 வயது இரட்டையர்களை ஆராய்ந்து உளவியலாளர் எரிக் டர்க்ஹைமர் குழு 2003இல் வெளியிட்ட முடிவின்படி, வசதியான குடும்பங்களில் மரபணுவின் பங்கு மிக அதிகம். ஏழைக் குடும்பங்களில் ஏறக்குறைய சுழி. ஐரோப்பிய ஆய்வுகளில் இந்த இடைவெளி இவ்வளவு துலக்கமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எப்படிப் பார்த்தாலும், தாய் தந்தையின் சான்றிதழை வைத்து ஒரு குழந்தையைக் கணிக்க அறிவியல் இடம் தரவில்லை.

1905இல் பாரிசில் பினே, சிமோன் என்ற உளவியலாளர்கள் இத்தகைய அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியதே, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். அதைக் காட்டி ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

சட்டமும் அதை ஏற்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையை மட்டுமல்ல, பெற்றோரையும் வடிகட்டக் கூடாது என்கிறது. குழந்தையை வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. மற்ற பள்ளிகளில் உங்கள் பட்டத்தைக் கேட்டு இடம் மறுத்தால் கல்வி அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் அமெரிக்காவின் கிரிக்ஸ் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். வட கரோலினாவில் ஒரு மின் நிலையம், 1965இல் நல்ல பணிகளுக்கு அறிவுத்திறன் தேர்வையும் பள்ளிச் சான்றிதழையும் கட்டாயமாக்கியது. கறுப்பினத் தொழிலாளர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்தத் தகுதி இல்லாமலே முன்பு சேர்ந்த வெள்ளையர்களோ நன்றாகவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பணியோடு தொடர்பு நிரூபிக்கப்படாத தேர்வு இப்படி ஒதுக்கினால் அது செல்லாது என்று 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பத்தாவதிலிருந்து எல்லாத் தேர்விலும் 60 விழுக்காடு கேட்கும் மனிதவளத் துறை நண்பர்களே, அந்த எல்லையைத் தாண்டியவர்கள்தான் உங்கள் நிறுவனத்தில் நன்றாக வேலை செய்கிறார்களா என்று ஒருமுறை பழைய கோப்புகளை எடுத்துப் பாருங்கள்.