ஹிப்னோதெரபிக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

"மேடம், நீங்க ஹிப்னாடிசம் பண்ணுவீங்களா?" என்று ஃபோனில் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "தைராய்டு பாத்தீங்களா?" என்பதுதான். பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். பெங்களூர் அல்சூரில் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவ உளவியலாளர் நான். தமிழில் மனம் விட்டுப் பேச ஆள் வேண்டுமென்று கம்மனஹள்ளியிலிருந்தும் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் வருகிறார்கள். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எடை இறக்கம் எல்லாம் பதற்ற நோயில் வரும். தைராய்டு அதிகம் சுரந்தாலும் வரும். ரத்தசோகையில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆஸ்துமாவுக்கு சால்பூட்டமால் இன்ஹேலரை அடிக்கடி இழுப்பவருக்குக் கை நடுங்கும். நாளைக்கு ஆறு ஃபில்டர் காபி குடிப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நெஞ்சுவலி என்றால் நேரே ஈ.சி.ஜி. எடுக்கத்தான் போக வேண்டும், என்னிடம் அல்ல.

இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிசத்தைச் சிகிச்சையாகச் செய்வது, உதவுமா? சிலருக்கு நன்றாகவே உதவும். அதிலும் மனஅழுத்தம் வயிற்றில் இறங்கியவர்களுக்கு.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கும்பகோணத்துக்காரர், முப்பதைத் தாண்டியவர், ஐ.டி. வேலை. காலையில் கம்பெனி கேப் வருவதற்குள் நாலு தடவை பாத்ரூம். வண்டி சில்க் போர்டு சிக்னலில் நின்றால் வயிறு முறுக்கும், வியர்க்கும். எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி எல்லாம் நார்மல். குடல் நோய் மருத்துவர் ஐ.பி.எஸ். (பரிசோதனையில் கோளாறு தெரியாமலேயே வயிற்றுவலியும் மலப்போக்குத் தொல்லையும் தரும் குடல் பிரச்சினை) என்று எழுதி மாத்திரையும் கொடுத்திருந்தார்; ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டும் பெரிய மாற்றமில்லை. கூட வந்த அம்மாவுக்கு வேறு கவலை: "டாக்டரம்மா, மயக்கத்துல வச்சு அவன்கிட்ட சொந்த விஷயமெல்லாம் கேட்டுராதீங்க."

அந்த அம்மா பயந்ததுபோல் எதுவும் நடப்பதில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னேன். கண் களைத்துத் தானாக மூடியது. தோள், தாடை, கை என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொல்லிவிட்டு, "வலது கைய வயித்து மேல வைங்க. உள்ளங்கைச் சூடு மெதுவா உள்ள இறங்குது" என்று தொடர்ந்தேன். வெளியே ஆட்டோ ஹாரன் கேட்டது, அவர் காதிலும் விழுந்தது. நடுவில் மூக்கு அரித்தபோது சொறிந்துகொண்டார். எழுந்து போக வேண்டுமென்றால் போயிருக்கலாம். குடலின் ஓட்டத்தை ஓர் ஆறாக நினைத்துப் பார்க்கச் சொல்வது இந்தச் சிகிச்சையில் வழக்கம். அவர் அரசலாற்றைத் தேர்ந்தெடுத்தார். மதகை எவ்வளவு திறப்பது என்பது தன் கையில் இருப்பதாக அவரே சேர்த்துக்கொண்டார். நான் யோசித்திருந்ததைவிட அது பல மடங்கு நல்ல கற்பனை.

இதில் மந்திரம் ஏதுமில்லை. மனஅழுத்தத்தின்போது மூளை வெளியிடும் ஹார்மோன்கள் பெருங்குடலை முடுக்கிவிடும். அதோடு, சாதாரணமாக உணரவே முடியாத குடல் அசைவுகூட ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு வலியாகத் தெரியும். கவனத்தை ஓரிடத்தில் குவித்து, உடம்பு தளர்ந்த நிலையில் சொல்லப்படும் யோசனைகள் அந்தக் கூருணர்வைத் தணிக்கின்றன. 1984-ல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர், மருந்துக்கு அடங்காத 30 ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் இதைச் சோதித்து 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, 2008 ஐ.பி.எஸ். வழிகாட்டியில், 12 மாதம் மருந்து எடுத்தும் குணம் தெரியாதவர்களுக்கு ஹிப்னோதெரபியையும் பரிசீலிக்கலாம் என்றது. பதற்றத்துக்கும் பலன் உண்டு. தனியாகச் செய்வதைவிட சி.பி.டி. (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குவது) போன்ற பேச்சுச் சிகிச்சையோடு சேர்த்துச் செய்தால் கூடுதல் பலன். நானும் தனியாகச் செய்வதில்லை.

எல்லோருக்கும் ஒரே அளவில் பலிக்காது. சிலர் சுலபமாக ஆழ்ந்துவிடுவார்கள், சிலருக்கு ஒன்றுமே ஆகாது, பெரும்பாலோர் நடுவில். அது மனஉறுதி சம்பந்தப்பட்டதல்ல. கும்பகோணத்துக்காரருக்குப் பலன் தந்ததில் பெரும்பங்கு, வீட்டில் தினமும் தானே செய்த பயிற்சிக்குத்தான். இப்போது கேப் பயணம் பிரச்சினை இல்லை. மேனேஜரோடு மீட்டிங் இருக்கும் காலைகளில் மட்டும் வயிறு இன்னும் பழைய பாட்டைப் பாடுகிறது. அதற்கு மேனேஜரிடம் "முடியாது" என்று சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது. (பயிற்சி ஆடியோவைக் காதில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டியவரையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.)

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் குடல் புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் குடல் மருத்துவர்தான். காதில் குரல் கேட்பது, யாரோ சதி செய்கிறார்கள் என்ற நம்பிக்கை போன்றவை இருந்தால் ஹிப்னோதெரபி பக்கமே போகாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். பி.பி., சர்க்கரை, மனநல மாத்திரை எதையும் "இனி இது வேண்டாம்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். பதற்ற மாத்திரைகள் சிலவற்றைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும்; அதை நோய் திரும்பிவிட்டதென்று நினைத்துப் பயப்படுவார்கள்.

எனக்குக் கோபம் வரும் இடம் பூர்வஜென்ம வியாபாரம். இன்றைய பதற்றத்துக்குப் போன பிறவியில் காரணம் தேடித் தருகிறேன் என்று கட்டணம் வசூலிக்கிறார்கள். ஹிப்னாடிச நிலையில் நினைவு துல்லியமாவதில்லை. கேள்வி கேட்பவர் விரும்பும் திசையில் புதிய 'நினைவு' உருவாகலாம், அது உண்மையென்ற உறுதியும் கூடவே வரும். இப்படி ஒரு பெண், நடந்ததா என்றே தெரியாத ஒரு சம்பவத்துக்காகத் தன் சித்தப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். அந்தக் குடும்பத்தில் இன்னும் சமாதானமில்லை.

முறையான பயிற்சி பெற்றவர்கள் ஹிப்னோதெரபி செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2003-ல் சொன்னது. ஆனால் வார இறுதி வகுப்புச் சான்றிதழைச் சுவரில் மாட்டியவர்களும் தங்களைப் பயிற்சி பெற்றவர்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: அடிப்படைப் படிப்பு என்ன? மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண் எங்கே? மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எங்கே? "ஒரே சிட்டிங்கில் கேரண்டி" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் முறை வீட்டு ஆள் ஒருவர் அறையில் இருக்கட்டும் என்று கேட்டால், நல்ல சிகிச்சையாளர் முகம் சுளிக்க மாட்டார். அந்தக் கும்பகோணத்து அம்மாவையும் நான் ஓரமாக உட்கார வைத்துத்தான் தொடங்கினேன். பத்தே நிமிஷத்தில் அவரும் தூங்கிப்போனார்.

பணம் இடித்தால் ஓசூர் ரோட்டிலிருக்கும் நிம்ஹான்ஸ் என்னும் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் அதிகம். ராத்திரியில் பதற்றம் தாங்கவில்லை, உயிரோடு இருக்க வேண்டாமென்று தோன்றுகிறது என்றால் எந்தச் சிகிச்சைக்கும் தேதி பார்த்துக் காத்திருக்காமல் 14416-ஐ அழையுங்கள். டெலிமானஸ் என்னும் இலவச அரசு சேவை அது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.